நெசவாளியின் வீடும் விருந்தாளியின் வீடும்

உழைக்கிறவனுக்கு ஓய்வு வேண்டும் என்பதில் இருவேறு கருத்துகளுக்கு இடமில்லை. விடிந்தது முதல் பொழுது சாயும் வரை தறிக்குழியில் கால் வைத்து மிதிக்கும் நெசவாளிக்கும், ஏர் பூட்டிய நாள் தொட்டு நெல் களம் சேரும் வரை வானத்தையே பார்த்திருக்கும் விவசாயிக்கும் ஆண்டில் சில நாட்களேனும் கவலையற்ற ஓய்வு கிடைக்க வேண்டும். அந்த ஓய்வை எங்கே கழிப்பது, எவ்வாறு கழிப்பது, அதனால் ஆதாயம் அடைகிறவர் யார் என்பவை அதை அடுத்து எழும் கேள்விகள். இக்கேள்விகளை நம் அங்கத்தினர்கள் எண்ணிப் பார்ப்பதற்கு உதவும் பிறநாட்டு அனுபவம் ஒன்றை இம்மாதம் எடுத்துக்கொள்கிறோம்.

இங்கிலாந்தில் நகரவாசிகள் விடுமுறை நாட்களை நாட்டுப்புறத்துச் சிறு வீடு ஒன்றில் கழிப்பது நெடுநாளைய வழக்கம். விடுதியில் தங்குவது போன்றதன்று இது. வெள்ளிக்கிழமையோ சனிக்கிழமையோ வீட்டின் சாவியைப் பெற்றுக்கொண்டு, அடுத்த வாரம் அதே கிழமையில் திருப்பிக் கொடுப்பார்கள். இடைப்பட்ட நாட்களில் அந்த வீடு அவர்களுடையது. தாங்களே சமைத்து, கணப்பில் தாங்களே தீ மூட்டி, காலையில் வயல்வரப்புகளின் வழியே நடந்து, சந்தை நாளில் பக்கத்து ஊருக்குச் சென்று வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் வாங்கி வருவார்கள். இரைச்சலும் புகையும் நிறைந்த நகரத்திலிருந்து வருகிறவர்களுக்கு இதில் கிடைக்கும் இன்பம் பெரிது. அதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

நெசவாளர்களும் விவசாயிகளும் படிக்கும் ஏட்டில் ஆங்கிலேயருடைய விடுமுறையைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். விடை எளியது. அவர்கள் வாடகை கொடுத்துத் தங்கும் அந்த அழகிய வீடுகளில் பல, ஒரு காலத்தில் நம்மைப் போன்ற நெசவாளர்களும் விவசாயிகளும் குடியிருந்த வீடுகள். அங்கே தறி நின்று விருந்தாளி வந்த கதை, தறி இன்னும் நிற்காத நாம் அறிந்துகொள்ள வேண்டிய கதையாகும்.

லண்டனுக்கு மேற்கே கிளாஸ்டர்ஷயரைப் பெரும்பகுதியாகக் கொண்டு காட்ஸ்வோல்ட் என்ற குன்றுப் பிரதேசம் பரந்து கிடக்கிறது. தேன் நிறமான சுண்ணாம்புக் கல் அங்கே எங்கு தோண்டினாலும் கிடைக்கும். வீடு, வேலி, கோயில், களஞ்சியம் யாவும் அக்கல்லாலேயே கட்டப்பட்டவை. கூரைக்கும் கல்லையே மெல்லிய பலகைகளாகப் பிளந்து, இறவாரத்தில் பெரியவற்றையும் மேலே போகப் போகச் சிறியவற்றையும் அடுக்குவார்கள். 1966ஆம் ஆண்டில் இப்பிரதேசம் இயற்கை எழில் மிக்க இடமெனச் சட்டப் பாதுகாப்புப் பெற்றது. சிப்பிங் கேம்ப்டன் என்ற ஊரிலிருந்து பாத் நகரம் வரை 102 மைல் நீளமுள்ள நடைபாதையொன்று இதனூடே செல்கிறது.

இங்குள்ள சிறு நகரங்கள் யாவும் சந்தையால் தோன்றியவை. சிப்பிங் என்ற சொல்லுக்கே பழைய ஆங்கிலத்தில் சந்தை என்று பொருள். சிப்பிங் கேம்ப்டனின் கடைத்தெரு நடுவே, வெண்ணெய், பாலாடைக்கட்டி, கோழி விற்க வரும் குடியானவர்கள் வெயில் மழைக்கு ஒதுங்குவதற்காக 1627ஆம் ஆண்டில் கட்டப்பட்ட கல் மண்டபம் இன்றும் நிற்கிறது. ஸ்டோ-ஆன்-தி-வோல்ட் என்ற ஊரின் சந்தைச் சதுக்கத்துக்குள் நுழையும் சந்துகள் மிகக் குறுகலானவை. ஆடுகளை வரிசையாக ஓட்டி வந்து எண்ணுவதற்கு அவை வசதியாக இருந்தன. மோர்ட்டன்-இன்-மார்ஷில் செவ்வாய்க்கிழமைச் சந்தை வழிவழியாக வருகிறது. நார்த்லீச் தேவாலயத்தில் கம்பளி வணிகர்களின் கல்லறைகள் மேல் பதித்த பித்தளைத் தகடுகளில், அவர்கள் ஆட்டின் மீதும் கம்பளி மூட்டையின் மீதும் கால் ஊன்றி நிற்பதாகச் செதுக்கியிருக்கிறார்கள். தம்மை வாழ வைத்தது எது என்பதை அவர்கள் மறக்கவில்லை.

இனி, பைபரி என்ற கிராமத்துக்கு வருவோம். வில்லியம் மோரிஸ் என்ற கலைஞர் இங்கிலாந்திலேயே அழகான கிராமம் இதுதான் என்று புகழ்ந்தார் என்பர். அங்கே ஓடும் சிற்றாற்றின் கரையில் ஆர்லிங்டன் ரோ என்ற வீட்டு வரிசை இருக்கிறது. 1380ஆம் ஆண்டையொட்டி மடாலயத்தின் கம்பளிக் கிடங்காகக் கட்டப்பட்ட இக்கட்டடம், 17ஆம் நூற்றாண்டில் நெசவாளர்களுக்கான சிறு வீடுகளாகத் தடுக்கப்பட்டது. அவ்வீடுகளில் நெய்த துணி ஆற்றைத் தாண்டி ஆர்லிங்டன் ஆலைக்குச் செல்லும். கம்பளித் துணியை நனைத்து இடித்துக் கெட்டிப்படுத்தும் வேலை அங்கே நடந்தது. பிறகு வீடுகளுக்கு எதிரேயுள்ள ஈரப் புல்வெளியில் சட்டங்கள் நாட்டித் துணியை உலர்த்துவார்கள். அந்தப் புல்வெளிக்குச் சட்டத் தீவு என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இன்று அந்த வரிசை தேசிய அறக்கட்டளை என்ற ஸ்தாபனத்துக்குச் சொந்தம். அதில் ஒரு வீடு விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடப்படுகிறது. பிரிட்டிஷ் கடவுச்சீட்டின் உட்பக்கத்திலேயே இவ்வரிசையின் படத்தை ஒரு காலத்தில் அச்சிட்டார்கள். சில நூறு பேர் வாழும் அக்கிராமத்துக்குக் கோடை நாட்களில் பேருந்து பேருந்தாக ஜனங்கள் வந்து இறங்குகிறார்கள். படம் எடுக்கிறார்கள், தேநீர் அருந்துகிறார்கள், போய்விடுகிறார்கள். சட்டத் தீவில் இப்போது துணி காயவில்லை. நீர்ப்பறவைகள் வாழ்கின்றன.

இவ்வூர்கள் மட்டும் ஏன் பழைய உருக்குலையாமல் இருக்கின்றன என்று நாம் கேட்க வேண்டும். கலை ஆர்வத்தால் யாரோ முன்கூட்டியே பாதுகாத்தார்கள் என்று எண்ணினால் அது தவறு. பிற்காலத்தில் பாதுகாத்தவர்கள் உண்டு. அதற்கு முன் இவற்றைக் காத்தது வறுமையே.

இதற்கு நாட்டின் கிழக்கேயுள்ள சபோக் மாவட்டத்து லாவன்ஹாம் சிறந்த சான்று. நீலச் சாயமிட்ட அகலக் கம்பளித் துணிக்குப் பெயர்போன ஊர் அது. 1524ஆம் ஆண்டின் வரிக் கணக்கின்படி இங்கிலாந்தின் செல்வம் மிக்க நகரங்களில் அது 14ஆவது இடத்தில் இருந்தது. அடுத்த ஆண்டே, அரசன் எட்டாம் ஹென்றி போருக்காகக் கேட்ட புதுவரியால் துணி வணிகர்கள் கையைச் சுருக்கிக்கொள்ள, வேலை இழந்த நெசவாளர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே திரண்டெழுந்தார்கள். வரி கைவிடப்பட்டது. ஆனால் தொழிலின் இறக்கம் நிற்கவில்லை. கால்செஸ்டர் நகரில் குடியேறிய டச்சு அகதிகள் மெல்லியதும் மலிவானதுமான துணியை நெய்தபோது, லாவன்ஹாமின் கனத்த துணிக்குக் கேட்பார் குறைந்தனர். பழைய மர வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்ட ஊராரிடம் பணம் இல்லை. ஆகவே பழைய வீடுகள் நின்றன. ஏறக்குறைய 1530இல் எழுந்த சங்க மண்டபம் பிற்காலத்தில் சிறைச்சாலையாகவும் ஏழைகளை அடைத்து வேலை வாங்கும் விடுதியாகவும் ஆயிற்று. இன்று அது பார்வையாளர்கள் வந்து காணும் இடம்.

காட்ஸ்வோல்டின் கதையும் ஏறக்குறைய இதுவே. அதன் மேற்கு ஓரத்திலுள்ள ஸ்டிரவுட் பள்ளத்தாக்குகளில் சிவப்புக் கம்பளித் துணி பேர்போனது. படைவீரர்களின் சட்டைக்கு அது சென்றது. யார்க்ஷயரில் நிலக்கரியும் நீராவி இயந்திரமும் வந்தபின் அத்தொழில் தளர்ந்தது. 1825ஆம் ஆண்டில் ஸ்டிரவுட் நெசவாளர்கள் கூலிக்காக வேலை நிறுத்தம் செய்தார்கள். 1837இல் கைத்தறி நெசவாளர்களின் நிலையை ஆராய அரசாங்கமே கமிஷன் நியமிக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டில் பிஸ்லி என்ற நெசவூரிலிருந்து பலர், பிழைக்க வழியின்றி ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார்கள். இன்று விடுமுறைக்கு வருகிறவர்கள் வியந்து நிற்கும் அமைதி, தறிச் சத்தம் அடங்கியதால் வந்த அமைதி என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

இதனால் நாட்டுப்புற விடுமுறையே கூடாது என்பது நம் கருத்தாகாது. அவ்வாறு சொல்வது நம் இயக்கத்தின் வரலாற்றையே மறுப்பதாகும். ஏழைத் தொழிலாளிக்கு மலையையும் வயலையும் காட்டியவர்களுள் கூட்டுறவாளர்கள் முன்னணியில் நின்றவர்கள்.

லங்காஷயரில் கோல்ன் என்ற பருத்தி நெசவு நகரத்தில் ஆர்தர் லியோனார்டு என்ற பாதிரியார் இருந்தார். அக்காலத்தில் அங்கே ஆண்டுக்கு ஒருமுறை ஆலைகளை மூடிவிடுவார்கள். ஆண்டு முழுதும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை எடுத்துக்கொண்டு தொழிலாளர்கள் பிளாக்பூல் போன்ற கடற்கரைப் பட்டணங்களுக்குச் சென்று, சில நாளில் எல்லாவற்றையும் செலவழித்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவார்கள். இது லியோனார்டு அவர்களுக்குச் சரியாகப் படவில்லை. 1891ஆம் ஆண்டில் சுமார் முப்பது பேரை அழைத்துக்கொண்டு ஏரிகள் சூழ்ந்த ஆம்பிள்சைடுக்குச் சென்றார். அதிலிருந்து 1893இல் கூட்டுறவு விடுமுறைச் சங்கம் பிறந்தது. எளிய தங்குமிடம், எளிய உணவு, பகலெல்லாம் நடை, மாலையில் கூடிப் பேச்சும் பாட்டும் என்பது அதன் முறை.

பிறகு நடந்ததும் கவனிக்கத்தக்கது. வசதி படைத்தவர்கள் அச்சங்கத்தில் பெருகி, தொழிலாளிகள் ஒதுங்கத் தொடங்கினார்கள் என்று லியோனார்டு வருந்தினார். 1913இல் விடுமுறைத் தோழமைச் சங்கம் என்ற வேறொன்றை நிறுவினார். அது இன்றளவும் அங்கத்தினர்களுக்கே சொந்தமான ஸ்தாபனமாக நடைபெறுகிறது. சம்பளத்துடன் விடுமுறை அளிக்கும் சட்டம் அந்நாட்டில் 1938ஆம் ஆண்டில்தான் வந்தது. சட்டம் வருவதற்கு 45 ஆண்டுகளுக்கு முன்பே சங்கம் வழி காட்டியது. எனினும் கூட்டுறவு என்ற பெயர் மட்டும் போதாது என்பதையும், யாருக்காகத் தொடங்கினோம் என்பதை ஆண்டுதோறும் சரிபார்க்க வேண்டும் என்பதையும் லியோனார்டின் அனுபவம் நமக்குக் கற்பிக்கிறது.

ஆகவே நம் கேள்வி விடுமுறையைப் பற்றியதன்று, வீட்டைப் பற்றியது. வீடு யாருடையது? வாடகை எங்கே போகிறது? விருந்தாளி வந்து தங்குவதால் ஊரில் பிறந்தவன் தங்க முடியாமல் போகிறதா?

இங்கிலாந்தின் அழகிய கிராமங்கள் பலவற்றில் இதற்குக் கிடைக்கும் விடை மகிழ்ச்சி தருவதாக இல்லை. நகரத்துச் செல்வர்கள் இரண்டாவது வீடாகவும், வாரக்கணக்கில் வாடகைக்கு விடும் முதலீடாகவும் கிராமத்து வீடுகளை வாங்குகிறார்கள். விலை ஏறுகிறது. அவ்வூரில் பிறந்து, அங்கேயே கூலி வேலை செய்யும் இளைஞன் மணம் முடித்தால் குடியிருக்க வீடு கிடைப்பதில்லை. கோடையில் தெரு நிறைகிறது. குளிர்காலத்தில் பல வீடுகளில் விளக்கு எரிவதில்லை. ஆண்டு முழுதும் குடியிருப்போர் குறைந்தால் மளிகைக் கடை மூடப்படும், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைவார்கள், பேருந்து நின்றுபோகும். கடைசியில் விருந்தாளிக்குப் பரிமாறவும் ஆள் வேறு ஊரிலிருந்து வரவேண்டும்.

இந்நிலையை அங்குள்ள மக்களே உணர்ந்திருக்கிறார்கள். கார்ன்வாலில் செயின்ட் ஐவ்ஸ் என்ற கடலோர ஊரார் 2016ஆம் ஆண்டில் வாக்கெடுத்து, புதிதாகக் கட்டும் வீடுகளை நிரந்தரமாகக் குடியிருப்போருக்கே விற்கவேண்டும் என்று பெரும்பான்மையால் தீர்மானித்தார்கள். வேல்ஸ் பகுதியில் 2023 ஏப்ரல் முதல் இரண்டாவது வீடுகளுக்கு உள்ளாட்சி மன்றங்கள் 300 சதவீதம் வரை கூடுதல் வரி விதிக்கலாம். இங்கிலாந்திலும் 2025 ஏப்ரல் முதல் அவ்வரியை இரட்டிப்பாக்க அதிகாரம் அளிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் செயின்ட் ஐவ்ஸ் விதி புதிய வீடுகளைத்தான் கட்டுப்படுத்தும். பழைய வீடுகளை அது தொடாது. வரியும் செல்வனைச் சிறிது தயங்க வைக்கலாமே தவிர, ஏழைக்கு வீடு கட்டித் தராது. நோய் முற்றியபின் கொடுக்கும் மருந்து இவ்வளவே செய்யும்.

மறுதரப்பின் வாதத்தையும் நாம் நேர்மையாகக் கேட்க வேண்டும். விருந்தாளிகள் வராவிட்டால் இவ்வீடுகள் என்றோ இடிந்து போயிருக்கும் என்கிறார்கள். பண்ணையில் வருமானம் குறைந்த விவசாயி, பயன்படாத களஞ்சியத்தைத் தங்குமிடமாக்கித்தானே நிலத்தைக் காப்பாற்றுகிறான் என்றும் கேட்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. காட்ஸ்வோல்ட் ஆட்டினமே ஒரு சான்று. அப்பிரதேசத்தின் தேவாலயங்களைக் கட்டிய கம்பளிச் செல்வத்தோடு பெயர் பிணைந்த நீண்ட உரோமமுள்ள அவ்வினம், கடந்த நூற்றாண்டில் மிகவும் அருகிவிட்டது. ஜோ ஹென்சன் என்ற விவசாயி 1971ஆம் ஆண்டில் தம் பண்ணையில் அருகிவரும் கால்நடை இனங்களைச் சேர்த்து, கட்டணம் பெற்று ஜனங்களுக்குக் காட்டத் தொடங்கினார். பார்வையாளர் கொடுத்த காசு ஆட்டினத்தைக் காக்க உதவியது.

ஆனால் இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அந்த விவசாயி பண்ணையை விட்டு வெளியேறவில்லை. ஆட்டை விற்றுவிட்டு ஆட்டின் படத்தை மாட்டி வைக்கவில்லை. தொழில் முன்னே நின்றது, விருந்தாளி பின்னே வந்தார். வருமானம் மீண்டும் தொழிலுக்கே சென்றது. இந்த வரிசை மாறாதவரை விருந்தாளி ஊருக்குத் துணை. வரிசை மாறினால் ஊர் கண்காட்சி ஆகிவிடும்.

அந்தப் பண்ணைக்கு அருகிலேயே கைட்டிங் பவர் என்ற கிராமம் இருக்கிறது. ரேமண்ட் காக்ரேன் என்பவர் 1958இல் அவ்வூர்ப் பண்ணையை வாங்கினார். விரும்பியிருந்தால் வீடுகளைத் தனித்தனியே விற்றுப் பெரும் பொருள் ஈட்டியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யாமல், 1970களில் ஓர் அறக்கட்டளையை ஏற்படுத்தி அதனிடம் ஒப்படைத்தார். ஊரின் வீடுகளில் கணிசமான பகுதி அந்த அறக்கட்டளைக்குச் சொந்தம். அவற்றை உள்ளூர் மக்களுக்குத் தாங்கக்கூடிய வாடகைக்கு விடுகிறார்கள். அந்தக் கிராமத்துக்கும் விருந்தாளிகள் வருகிறார்கள். அதன் கல் வீடுகளும் தேன் நிறமானவையே. வேறுபாடு உடைமையில் இருக்கிறது.

கைத்தொழிலாளர்கள் கூட்டாக நாட்டுப்புறம் சென்று வாழ முயன்ற வரலாறும் இப்பிரதேசத்துக்கு உண்டு. நம் அங்கத்தினர்கள் அதை அவசியம் அறிய வேண்டும், ஏனெனில் அதில் நம்மவர் ஒருவரும் இருக்கிறார். ஆஷ்பீ என்ற கட்டடக் கலைஞர் 1888இல் கிழக்கு லண்டனில் கைத்தொழில் சங்கம் ஒன்றை நிறுவினார். வெள்ளி வேலை, தச்சு, அச்சு முதலிய தொழில்கள் கூட்டாக நடந்தன. 1902ஆம் ஆண்டில் அவர் சுமார் ஐம்பது தொழிலாளர்களையும் அவர்களுடைய குடும்பங்களையும் சிப்பிங் கேம்ப்டனுக்கு அழைத்து வந்தார். மூடிக்கிடந்த பட்டு ஆலையொன்று அவர்களுடைய தொழிற்கூடமாயிற்று.

அருகிலுள்ள பிராட் கேம்ப்டனில் சிதைந்து கிடந்த பழங்கோயில் ஒன்றை ஆஷ்பீ வீடாகப் புதுப்பித்துக் கொடுத்தது ஆனந்த குமாரசுவாமி அவர்களுக்கு. கொழும்பில் 1877இல் பிறந்தவர். ஈழத் தமிழரான சர் முத்து குமாரசுவாமியின் குமாரர். இலங்கையின் இடைக்காலக் கலைகளையும் கைத்தொழில்களையும் பற்றிய தம் பெருநூலை அந்த வீட்டிலேயே கைஅச்சில் ஏற்றி, 1908இல் 425 பிரதிகள் வெளியிட்டார். வில்லியம் மோரிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியே அதற்குப் பயன்பட்டது. அடுத்த ஆண்டில் இந்தியக் கைத்தொழிலாளியைப் பற்றி அவர் எழுதிய நூலுக்கு ஆஷ்பீ முன்னுரை எழுதினார். குமாரசுவாமியின் அக்கால மனைவி எதல் அம்மையார், இலங்கையில் கணவருடன் சுற்றிக் கைத்தொழில்களைக் கண்டறிந்தவர். பிற்காலத்தில் எதல் மெயிரெட் என்ற பெயரில் இங்கிலாந்தின் தலைசிறந்த கைத்தறி நெசவாளராக விளங்கினார். 1916இல் தாவரச் சாயங்களைப் பற்றி அவர் எழுதிய நூல் நெசவாளர்களிடையே புகழ் பெற்றது.

இத்தனை பேராற்றல் கூடியும் சங்கம் நிலைக்கவில்லை. லண்டன் சந்தை தொலைவாயிற்று. பெரிய கடைகள் அதே மாதிரிப் பொருள்களை இயந்திரத்தால் செய்து மலிவாக விற்றன. நகரத்தில் வேலை மந்தமானால் தொழிலாளி வேறிடம் பார்த்துக்கொள்ளலாம். கிராமத்தில் அதற்கு வழியில்லை. விற்காத சரக்கு குவிந்தது. 1908இல் சங்கம் கலைக்கப்பட்டது. ஜோசப் பெல்ஸ் என்ற கொடையாளர் பிராட் கேம்ப்டனில் சுமார் 70 ஏக்கர் நிலம் வாங்கி உதவ, சிலர் சிறு நிலத்தில் பயிரிட்டுக்கொண்டே தம் தொழிலைத் தொடர்ந்தார்கள். அச்சங்கத்தின் வெள்ளி வேலை மரபு ஒன்று மட்டும் ஹார்ட் குடும்பத்தாரின் கையில் இன்றளவும் அதே பட்டு ஆலையில் நடைபெறுகிறது. விடுமுறைக்கு வருகிறவர்கள் அப்பட்டறைக்கும் செல்கிறார்கள். அங்கே காண்பது கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பழம்பொருளையன்று. சுத்தியல் பிடித்த கையை.

இந்த அனுபவங்களிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்று. அழகிய இடமும் உயர்ந்த கலையும் தாமாகவே தொழிலாளியைக் காப்பாற்றா. விற்பனைக்கு ஏற்பாடு வேண்டும், மந்த காலத்துக்குச் சேமிப்பு வேண்டும், வீடும் பட்டறையும் கைமாறாதபடி கூட்டு உடைமை வேண்டும். இம்மூன்றையும் தரக்கூடியது கூட்டுறவே. 1844இல் ராக்டேலில் பண்டகசாலை திறந்த முன்னோடிகளுள் பலர் நெசவாளர்கள். அவர்கள் கண்ட முறையே 1904இல் திருவல்லிக்கேணியில் தோன்றிய நம் பண்டகசாலைக்கும் வழிகாட்டியது. கடைக்குப் பொருந்திய அம்முறை வீட்டுக்கும் விடுதிக்கும் ஏன் பொருந்தக் கூடாது?

பொருந்தும் என்பதற்கு இங்கிலாந்திலேயே அறிகுறிகள் தோன்றியிருக்கின்றன. அயர்லாந்தின் விவசாயக் கூட்டுறவுக்குத் தந்தையான ஹோரஸ் பிளங்கெட் 1919இல் நிறுவிய ஸ்தாபனத்தின் ஆதரவோடு, தனியார் மூடிவிட்ட கிராமக் கடைகளையும் மதுச்சாலைகளையும் ஊராரே பங்கு சேர்த்து வாங்கி நடத்துகிறார்கள். இத்தகைய கடைகள் இன்று நூற்றுக்கணக்கில் உள்ளன. சமூக நில அறக்கட்டளை என்ற முறைக்கு 2008ஆம் ஆண்டுச் சட்டம் இலக்கணம் வகுத்தது. நிலம் ஊரின் பொதுவுடைமையாக இருக்க, அதன் மேல் எழும் வீடுகளை உள்ளூர் உழைப்பாளிக்கு எட்டும் விலையில் என்றென்றும் வைத்திருப்பது அதன் நோக்கம்.

இனி நம் ஊர்களுக்கு வருவோம். கைத்தறி ஓடும் ஊர்களையும் ஆற்றங்கரைக் கிராமங்களையும் காண வெளியூரார் வரும் காலம் இது. பழைய ஓட்டு வீடுகளை வாங்கி விருந்தினர் விடுதியாக்குவோர் நம்மிடையேயும் வந்துவிட்டார்கள். நெய்கிற தெருவை நெய்கிறவனிடமிருந்தே வாங்கி, ஒரு தறியை மட்டும் காட்சிக்காகத் திண்ணையில் நிறுத்தி வைப்பது நல்ல வியாபாரமாகச் சிலருக்குத் தோன்றலாம். பைபரிக்கு அது முந்நூறு ஆண்டுகளில் நேர்ந்தது. நமக்கு அவ்வளவு காலம் பிடிக்காது.

ஆகையால் ஒவ்வொரு சங்கமும் தன் பொதுக்குழுவில் மூன்று தீர்மானங்களை ஆலோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். முதலாவது, கடன் சுமையாலோ வேறு நெருக்கடியாலோ அங்கத்தினர் ஒருவர் தறி உள்ள வீட்டை விற்க நேர்ந்தால், வெளியாரிடம் செல்லுமுன் சங்கத்துக்கோ சக அங்கத்தினருக்கோ அதை வாங்க வாய்ப்பளிக்கும் ஏற்பாடு. அதற்கென ஒரு சிறு நிதி இப்போதே தொடங்கப்பட வேண்டும். இரண்டாவது, வெளியூரார் வந்து தங்குவதற்கு இடம் அளிப்பதானால் அதைச் சங்கமே ஏற்று நடத்தி, கிடைக்கும் லாபத்தை நூல் கொள்முதலுக்கும் மந்த கால உதவிக்கும் ஒதுக்குவது. மூன்றாவது, நம் அங்கத்தினர்களின் குடும்பங்களும் ஆண்டில் சில நாட்கள் ஓய்வு பெறும்படி, ஓர் ஊர்ச் சங்கம் மற்றோர் ஊர்ச் சங்கத்தின் குடும்பங்களுக்கு விருந்தோம்பும் பரிமாற்ற முறை. நெசவாளி விவசாயியின் தோப்பில் நான்கு நாள் தங்கட்டும். விவசாயி நெசவூரின் தெருவில் நான்கு நாள் தங்கட்டும். அதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை.

இவை எளிதில் முடியக்கூடியவை என்று நாம் சொல்லவில்லை. நல்ல விலை வரும்போது வீட்டை விற்கவேண்டாம் என்று கடனில் இருக்கும் அங்கத்தினரிடம் சொல்வதற்குச் சங்கத்துக்கு உரிமை வேண்டுமானால், அவர் கடனைத் தீர்க்கும் கடமையையும் அது ஏற்க வேண்டும். உபதேசம் மட்டும் செய்யும் சங்கத்தின் பேச்சை யாரும் கேட்கமாட்டார்கள், கேட்கவேண்டியதும் இல்லை.

ஊருக்கு வரும் விருந்தாளியை முகமலர்ந்து வரவேற்பது நம் மரபு. வீட்டின் நல்ல இடத்தில் அவருக்குப் பாய் விரிப்போம், நம் வயலில் விளைந்ததைப் படைப்போம், நெய்த துணியைக் காட்டுவோம், விரும்பினால் விற்போம். அவர் விடைபெற்றுச் சென்ற மறுநாளும் அந்த வீட்டில் பாவு விரிய வேண்டும், பிள்ளைகள் பள்ளிக்குச் செல்ல வேண்டும், மாலையில் விளக்கு எரிய வேண்டும். அதற்கு வேண்டிய ஏற்பாட்டை வீடுகள் நம் கையில் இருக்கும்போதே செய்துகொள்வோமாக.